புற்று நோயை எதிர்க்க ஒரு சின்ன வில்லை!

2011-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 3-ந் தேதி. ஸ்வீடன் நாட்டில் அந்த ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அறிவித்தார்கள். பரிசு மூன்று பேருக்கு. அவர்களில் ஒருவர் ரால்ப் ஸ்டைன்மன். நியூயார்க் நகரில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி.

பரிசு கொடுத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. ஸ்டைன்மன் மூன்று நாட்களுக்கு முன்பே இறந்து விட்டார்!

இறந்தவர்களுக்கு நோபல் பரிசு கொடுக்கும் வழக்கம் இல்லை. பரிசுக் குழுவினர் அவசரமாகக் கூடிப் பேசினார்கள். அவர் உயிரோடு இருப்பதாக நம்பிக் கொடுத்த பரிசு ஆனபடியால், அது அவருக்கே என்று முடிவு செய்தார்கள்.

அவரைக் கொண்டு போனது புற்று நோய். கணையத்தில் வந்த புற்று. இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு கணையம். அங்கே புற்று வந்து முற்றி விட்டால், பெரும்பாலோர் ஓர் ஆண்டு தாண்டுவதில்லை. ஸ்டைன்மன் நாலரை ஆண்டு உயிரோடு இருந்தார். வேறு மருந்துகளோடு, தாம் கண்டுபிடித்த ஓர் அணுவையும் தமக்கே மருந்தாகச் செலுத்திக் கொண்டார். அதனால்தான் அத்தனை நாள் இருந்தாரா? ஒரே ஒரு மனிதரை வைத்து அதைச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த அணுவின் கதை அவரோடு முடியவில்லை. இன்று அதற்காகவே ஒரு சின்ன வில்லை செய்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் மாத்திரை அளவுதான் இருக்கும். அதை வாயில் போட்டு விழுங்குவதில்லை. தோலுக்குக் கீழே வைத்துத் தைக்கிறார்கள்.

அது என்ன செய்யும்? முதலில் அணுவைப் பற்றித் தெரிந்து கொள்வோம்.

ஒற்றன் அணு

நம் உடம்புக்குள் ஒரு ராணுவம் இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள்தான் அதன் வீரர்கள். காலில் முள் குத்திச் சீழ் பிடிக்கிறதே, அந்தச் சீழ் என்ன? கிருமிகளோடு சண்டை போட்டு மடிந்த வெள்ளை அணுக்களின் குவியல்தான்!

ராணுவம் என்றால் ஒற்றர்கள் வேண்டும். எதிரி யார், எப்படி இருப்பான் என்று பார்த்து வந்து சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஒற்றனைத்தான் ஸ்டைன்மன் கண்டுபிடித்தார். 1973-ம் ஆண்டில், ஜான்வில் கோன் என்பவரோடு சேர்ந்து, எலியின் மண்ணீரலில் இருந்து எடுத்துப் பார்த்தார். உடம்பெல்லாம் மரக்கிளை போல நீட்டிக்கொண்டிருந்தது அந்த அணு. கிரேக்க மொழியில் மரத்துக்கு 'டெண்ட்ரான்' என்று பெயர். ஆகவே 'டெண்ட்ரைட்டிக் அணு' என்று பெயர் வைத்தார். நாம் 'ஒற்றன் அணு' என்றே சொல்லிக் கொள்வோம்.

இந்த ஒற்றன் தோலுக்கு அடியிலும் குடலிலும் மூச்சுக் குழலிலும் காவல் இருக்கிறான். கிருமி வந்தால் அதைப் பிடித்துத் தின்று, அதன் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். எங்கே ஓடுகிறான்? கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கு. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது என்கிறோமே, அங்கேதான்! அங்கே ஆயிரம் ஆயிரமாக 'டி அணு' என்ற வீரர்கள் இருக்கிறார்கள். ஒற்றன் அந்தத் துண்டைக் காட்டுகிறான். "இதோ பார், இவன்தான் எதிரி." உடனே வீரர்கள் பெருகிப் புறப்படுகிறார்கள். நெறி கட்டுவது, அங்கே படை திரளுகிறது என்பதற்கு அடையாளம்.

அப்படியானால் புற்று நோயை மட்டும் இந்தப் படை ஏன் விட்டு விடுகிறது?

புற்று வெளியில் இருந்து வந்த எதிரி அல்ல. நம் உடம்பு அணுதான் கெட்டுப் போய், அடங்காமல் பெருகுகிறது. வீட்டுப் பிள்ளையே திருடனாகி விட்ட மாதிரி. ஒற்றன் அதைப் பார்க்கிறான். ஆனால் கிருமி வந்தால் தெரியும் அபாய அடையாளம் எதுவும் அங்கே இல்லை. 'நம்ம ஆள்தானே' என்று பேசாமல் இருந்து விடுகிறான். புற்றுக் கட்டியும் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் வரும் வீரர்களைச் செயல் இழக்க வைக்கும் சரக்குகளைச் சுரந்து கொண்டே இருக்கிறது.

காய்ச்சல் தீர்த்த கட்டி

இந்த ஒற்றனைப் பற்றி யாருக்கும் தெரியாத காலத்திலேயே ஒரு டாக்டர் அவனைத் தட்டி எழுப்பிப் பார்த்திருக்கிறார். நியூயார்க் நகரத்து வில்லியம் கோலி.

1890-ல் அவர் இளம் டாக்டர். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கையில் வலி என்று வந்தாள். எலும்பில் புற்று. கையை வெட்டி எடுத்தும் பயன் இல்லை. 1891 ஜனவரியில் அவள் இறந்து போனாள். கோலி மனம் உடைந்தார். ஆஸ்பத்திரியின் பழைய ஏடுகளைப் புரட்டத் தொடங்கினார்.

அதில் ஓர் அதிசயம் அகப்பட்டது. கழுத்தில் பெரிய கட்டியோடு வந்த ஒரு ஏழை. பல முறை ஆபரேஷன் செய்தும் கட்டி திரும்பத் திரும்ப வந்தது. டாக்டர்கள் கை விட்டு விட்டார்கள். அந்த நேரத்தில் அவனுக்குத் தோல் சிவந்து வீங்கிக் கடும் காய்ச்சல் வந்தது. ஒரு வகைக் கிருமியால் வரும் நோய் அது. காய்ச்சல் விட்டது. கட்டியும் கரைந்து போயிருந்தது!

கோலி தெருத் தெருவாக அலைந்து அந்த மனிதனைத் தேடிப் பிடித்தார். ஏழு ஆண்டுகள் ஆகியும் அவன் சுகமாக இருந்தான்.

பிறகு கோலி செய்த காரியத்தை இன்று எந்த டாக்டரும் செய்யத் துணிய மாட்டார். சாகும் நிலையில் இருந்த ஒரு நோயாளிக்கு அந்தக் கிருமியையே ஊசி மூலம் ஏற்றினார். 1891-ல் நடந்தது இது. பல மாதம் முயன்ற பிறகு நோயாளிக்குக் கடும் காய்ச்சல் கண்டது. கட்டி கரைந்தது. இன்னும் பல ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். ஆனால் வேறு சிலருக்குக் காய்ச்சலே எமனாக முடிந்தது. பிறகு கோலி செத்த கிருமிகளைக் கொண்டு மருந்து செய்தார். அது சிலருக்குக் கேட்டது, பலருக்குக் கேட்கவில்லை. காரணம் அவருக்கும் தெரியாது. எக்ஸ்ரே சிகிச்சை வந்ததும் உலகம் அவரை மறந்து விட்டது.

இதைப் போன்ற ஒரு முறை மட்டும் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நம் குழந்தைகளுக்கு டி.பி. வராமல் இருக்க இடது கையில் 'பி.சி.ஜி.' ஊசி போடுகிறார்கள் அல்லவா? அதே மருந்தை மூத்திரப் பைக்குள் செலுத்தி, அங்கே வரும் ஒரு வகைப் புற்றுக்கு வைத்தியம் செய்கிறார்கள். 1976-ல் கனடா நாட்டு டாக்டர் அல்வாரோ மொராலஸ் இதை எழுதி வெளியிட்டார். உயிரோடு இருக்கும், ஆனால் வலுக் குறைந்த கிருமி உள்ளே போகிறது. உறங்கும் படை விழித்துக் கொள்கிறது.

ரத்தம் எடுத்து, திருப்பி ஏற்றி...

ஒற்றனைப் பற்றித் தெரிந்த பிறகு, விஞ்ஞானிகள் நேர் வழியில் இறங்கினார்கள். நோயாளியின் ரத்தத்தை எடுப்பது. அதில் இருக்கும் ஒற்றர்களைப் பிரிப்பது. ஆய்வுக் கூடத்தில் வைத்துப் புற்றின் அடையாளத்தைக் கற்றுக் கொடுப்பது. திருப்பி உடம்பில் ஏற்றுவது.

இந்த வகையில் ஒரு மருந்துக்கு 2010 ஏப்ரலில் அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுக்கு. மூன்று முறை ஏற்ற வேண்டும். அப்போது செலவு எவ்வளவு தெரியுமா? 93 ஆயிரம் டாலர்! பலன்? ஆயுள் சராசரியாக நாலு மாதம் கூடியது.

நாலு மாதம் என்பது அற்பம் அல்ல. ஒரு பேரன் பிறப்பதைப் பார்த்து விட்டுப் போகலாம். ஆனாலும் அந்தப் பணத்தை யாரால் கொடுக்க முடியும்? இன்னொரு தொல்லையும் இருக்கிறது. இப்படி வெளியில் வளர்த்து உள்ளே விடும் அணுக்களில் பெரும்பாலானவை போன இடத்திலேயே செத்து விடுகின்றன. நிணநீர் முடிச்சு வரை போய்ச் சேருபவை மிகச் சில.

பாஸ்டன் நகரத்துக்கு அருகில் உள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் மூனி என்று ஒரு பேராசிரியர். அவர் டாக்டர் அல்ல, என்ஜினீயர். அடிபட்ட எலும்பும் தோலும் திரும்ப வளர்வதற்குச் சாரம் கட்டுவது போல, உடம்புக்குள் வைக்கும் பொருள்களைச் செய்து கொண்டிருந்தவர். அவர் வேறு மாதிரி யோசித்தார். ஒற்றர்களை வெளியே கொண்டு வந்து பாடம் சொல்லிக் கொடுப்பானேன்? பள்ளிக்கூடத்தையே உடம்புக்குள் வைத்து விட்டால் என்ன?

தயிரும் கரும்பும்

பள்ளிக்கூடத்தை எதனால் கட்டுவது? உடம்பு அதை ஏற்றுக் கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் தானே போய் விட வேண்டும்.

அந்தப் பொருள் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் இருந்தது. ஆபரேஷன் செய்த பிறகு உள்ளே போடும் சில தையல்களைப் பிரிப்பதில்லை. அவை தானே கரைந்து விடும். அந்த நூல் செய்யும் வகையைச் சேர்ந்த பொருள்தான் இது. இரண்டு அமிலங்களைச் சங்கிலி போலக் கோத்துச் செய்கிறார்கள். ஒன்று, தயிருக்குப் புளிப்பைக் கொடுக்கும் லாக்டிக் அமிலம். மற்றொன்று கிளைகாலிக் அமிலம். அது கரும்புச் சாற்றிலும் இருக்கிறது. உடம்பின் ஈரம் பட்டுப் பட்டு அந்தச் சங்கிலி மெல்ல மெல்ல அறுந்து, மறுபடி அமிலமாகிக் கரைந்து விடும்.

வில்லை செய்யும் விதம் நம் பெண்களுக்கு எளிதில் விளங்கும். ஆப்ப மாவு புளித்தால் ஏன் பொங்குகிறது? உள்ளே வாயு உண்டாகி, ஓட்டை ஓட்டையாக ஆக்கி விடுகிறது. மூனியின் ஆட்களும் வாயுவைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பொருளின் தூளோடு உப்புக் கல்லைக் கலந்து அழுத்துகிறார்கள். சோடாவில் அடைக்கும் அதே கரியமில வாயுவை மிகுந்த அழுத்தத்தோடு ஏற்றுகிறார்கள். அழுத்தத்தைச் சட்டென்று விட்டதும் பொருள் பொங்குகிறது. பிறகு தண்ணீரில் போட்டால் உப்புக் கரைந்து போகிறது. உப்பு இருந்த இடம் எல்லாம் அறை அறையாகத் துவாரம்! நூற்றில் 90 பங்கு வெற்றிடம்தான். அணுக்கள் உள்ளே நுழைந்து நடமாட அத்தனை இடம்.

இந்த வில்லைக்குள் மூன்று சரக்குகளை வைக்கிறார்கள்.

முதலாவது, அழைப்பு. ஒற்றர்களை 'வா, வா' என்று இழுக்கும் ஒரு புரதம். இது நம் உடம்பிலேயே சுரப்பதுதான். வில்லையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பலகாரம் சுடும் வாசனைக்குப் பிள்ளைகள் ஓடி வருவது போல ஒற்றர்கள் வந்து கூடுவார்கள்.

இரண்டாவது, அபாய மணி. பாக்டீரியாக் கிருமியின் உள் சரக்கில் காணும் ஓர் அடையாளத்தைச் செயற்கையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அதற்கு உயிர் இல்லை, நோய் தராது. ஆனால் ஒற்றன் அதைத் தொட்டதும், 'கிருமி புகுந்து விட்டது!' என்று துடித்து எழுவான். கோலி ஆளைக் கொல்லும் காய்ச்சலை வரவழைத்துச் செய்த வேலையை, காய்ச்சல் இல்லாமல் ஒரு மாத்திரை அளவு இடத்துக்குள் செய்யப் பார்க்கிறார்கள்.

மூன்றாவதுதான் பாடப் புத்தகம். அந்த நோயாளியின் கட்டியில் இருந்தே ஒரு பகுதியை வெட்டி எடுத்து, அணுக்களைச் சிதைத்து உள்ளே வைக்கிறார்கள். துடித்து எழுந்த ஒற்றன் அதைத் தின்கிறான். அதன் துண்டோடு நிணநீர் முடிச்சுக்கு ஓடுகிறான். இந்தத் தடவை 'நம்ம ஆள்' என்று சொல்வதில்லை. 'எதிரி' என்று சொல்கிறான்!

எலிகள் பிழைத்தன

முதல் சோதனை எலிகளுக்கு. அதன் முடிவை மூனியும் ஓமர் அலி என்ற இளம் விஞ்ஞானியும் மற்றவர்களும் 2009-ல் வெளியிட்டார்கள்.

எடுத்துக் கொண்டது மெலனோமா என்ற புற்று. தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களில் வருவது. வெள்ளைக்காரர்களுக்கு அதிகம், நம்மவர்களுக்கு அபூர்வம். பரவத் தொடங்கினால் மிகப் பொல்லாதது. எலிகளுக்கு முதலில் வில்லையை வைத்தார்கள். பிறகு புற்று அணுக்களை ஊசி மூலம் ஏற்றினார்கள். வில்லை வைக்காத எலிகள் 25 நாட்களுக்குள் செத்தன. வில்லை வைத்த எலிகளில் நூற்றுக்கு 90 பிழைத்தன!

'நோய் வருவதற்கு முன் வைத்தீர்கள், சரி. வந்த பிறகு?' என்று கேட்கத் தோன்றும். அதையும் அதே ஆண்டில் செய்து பார்த்தார்கள். கட்டி வளர்ந்து விட்ட எலிகளுக்கு வில்லை வைத்தார்கள். அப்போதும் சில எலிகளுக்குக் கட்டி அடியோடு மறைந்தது. வில்லை ஓர் இடத்தில், கட்டி வேறு இடத்தில். ஆனாலும் மறைந்தது. கரைந்து வந்த மருந்து செய்த வேலையாக இருந்தால் இப்படி நடக்காது. பாடம் படித்த வீரர்கள் உடம்பு முழுதும் தேடிப் போயிருக்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எலிக்குப் புற்றைத் தீர்த்த மருந்துகள் ஏராளம். அவற்றில் மனிதனுக்குப் பயன்பட்டவை கொஞ்சம். எலிக்குப் புற்றை நாமே ஏற்றுகிறோம். அதற்குச் சில வாரங்கள்தான் வயது. மனிதனின் புற்றோ பல ஆண்டு மறைந்து வளர்ந்து, படையை ஏமாற்றப் பழகிக் கொண்டது.

2013-ம் ஆண்டில் மனிதர்களுக்குச் சோதனை தொடங்கியது. பாஸ்டன் நகரத்தில் டானா பார்பர் என்று பெயர் பெற்ற புற்று நோய் நிலையம் இருக்கிறது. அங்கே மெலனோமா முற்றிப் பரவிய ஒரு சிலருக்கு வில்லையை வைத்தார்கள். கிளென் டிரானாப், ஸ்டீபன் ஹோடி என்ற டாக்டர்கள் இதில் ஈடுபட்டவர்கள். இது முதல் படிச் சோதனை. குணம் ஆகிறதா என்பதை விட, ஆபத்து இல்லாமல் வைக்க முடியுமா என்று பார்ப்பதே இதன் முக்கிய நோக்கம். 2018-ல் நோவார்ட்டிஸ் என்ற பெரிய மருந்துக் கம்பெனி இந்த முறையைப் பயன்படுத்த உரிமை வாங்கியது.

அந்த 2018-ல்தான் இன்னொரு செய்தியும் வந்தது. அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் மருத்துவ நோபல் பரிசு. நம் படை வீரர்களுக்கு 'பிரேக்' உண்டு. சண்டை மிஞ்சிப் போகாமல் அது தடுக்கும். புற்று அந்தப் பிரேக்கை அழுத்திக் கொண்டு தப்பிக்கிறது. பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளுக்கு வழி காட்டியவர்கள் இவர்கள். அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ல் மெலனோமா மூளை வரை பரவி இருந்தது. அவருக்கு ஆபரேஷனோடும் கதிர் சிகிச்சையோடும் இந்த வகை மருந்தும் கொடுத்தார்கள். கட்டி மறைந்தது. 2024-ல் தமது நூறாவது வயதில்தான் அவர் இறந்தார்.

ஆனால் எல்லோருக்கும் கார்ட்டரைப் போலக் கேட்பதில்லை. படையே கிளம்பாத உடம்பில் பிரேக்கை விடுவித்து என்ன பயன்? அதனால்தான் வில்லைக்கு மதிப்பு. வில்லை படையைக் கிளப்பும். மருந்து பிரேக்கை எடுக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்த எலிகள், ஒன்றை மட்டும் கொடுத்த எலிகளை விட நன்றாகப் பிழைத்தன என்று 2016-ல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு என்னவோ, இந்த வில்லை தனியாக வெற்றி பெறுவதை விட, இப்படி ஜோடி சேர்ந்து பயன்படும் என்றே தோன்றுகிறது.

வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்கு

இதைப் படித்து விட்டு, 'எங்கள் அம்மாவுக்கு இதை வைக்க முடியுமா?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இப்போது முடியாது. இது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. எந்த மருந்துக் கடையிலும் விற்பனைக்கு வரவில்லை. யாராவது 'எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றைத் தீர்க்கிறேன்' என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆபரேஷன், கதிர் சிகிச்சை, மருந்து என்று டாக்டர் சொல்வதை ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பல புற்றுகளை இந்தப் பழைய முறைகளே தீர்த்து விடுகின்றன.

'இதுவும் அம்மை ஊசி மாதிரி, முன்னாலேயே போட்டுக் கொள்வதா?' என்று கேட்கலாம். இல்லை. இது நோய் வந்தவருக்கு மட்டும். அதுவும் அவரவர் கட்டியை வைத்து அவரவருக்கென்று தனியாகச் செய்ய வேண்டும். ஒருவர் வில்லை மற்றவருக்கு ஆகாது. விலை எளிதில் இறங்காது என்பதற்கு இதுவே காரணம்.

தோலைக் கீறித்தான் வைக்க வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. அதற்கும் மூனியின் கூட்டம் வழி தேடுகிறது. கடல் பாசியில் இருந்து எடுக்கும் 'அல்ஜினேட்' என்ற பொருளைக் கொண்டு புது வகைப் பஞ்சு செய்திருக்கிறார்கள். ஐஸ் கிரீம் கெட்டியாக இருப்பதற்குச் சேர்க்கிறார்களே, அதே பொருள்தான். இந்தப் பஞ்சு ஊசிக் குழலுக்குள் நசுங்கிப் போகும். தோலுக்கு அடியில் போனதும் பழையபடி விரிந்து கொள்ளும். கத்தி வேண்டாம், தையல் வேண்டாம். 2015-ல் இதை வைத்தும் எலிகளுக்குப் புற்றுச் சோதனை செய்து பார்த்தார்கள். எலிகள் பிழைத்தன. மனிதர்களுக்கு இன்னும் வரவில்லை.